பாவேந்தரின் இல்லறம்

தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளில் அவர்தம் இல்லத்தார்க்குக் கிடைத்துள்ள இடம் மிகக் குறைவு. பிறந்த ஊர், கற்பித்த ஆசிரியர், இயற்றிய நூல், பெற்ற பட்டம், மறைந்த நாள் என்ற வரிசையிலேயே அவை நடக்கும். மனைவியின் பெயர் இடையில் ஒரு வரியில் வரும். அடுத்த வரியில் மறையும். பாரதியார் இவ்வகையில் நல்லூழ் உடையவர். கணவரின் வரலாற்றைச் செல்லம்மா பாரதியே சொல்லக் கேட்கும் வாய்ப்புத் தமிழர்க்குக் கிட்டியது. பாவேந்தர் பாரதிதாசனுக்கு அவர் மகன் மன்னர்மன்னன் அப்பணியைச் செய்தார். பழநி அம்மையாரின் பெயரோ, பாவேந்தரின் வாழ்க்கைக் குறிப்புகளில் 1920ஆம் ஆண்டுக்குரிய ஒரு வரியோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. குடும்ப வாழ்வை ஐந்து பகுதிகளாக விரித்துக் காப்பியம்போல் பாடிய ஒருவரின் குடும்பம் இப்படி ஒரு வரியில் அடங்கிவிடுவது முரண் அன்றோ? நூல்களின் வழியாக அறியப்பட்ட பாவேந்தரை இல்லத்தின் வழியாகவும் அறிய முயல்வது பயனற்ற வேலை ஆகாது.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தார்க்குப் பாவேந்தர் அயலூர்ப் புலவர் அல்லர். புதுவையிலிருந்து இரயிலேறும் எவரும் விழுப்புரம் சந்திப்பைத் தொடாமல் வெளியுலகம் காண இயலாது; 1879இல் போடப்பட்ட அந்தக் கிளைப்பாதைதான் புதுவையைத் தென்னிந்திய இருப்புப்பாதைகளோடு பிணைத்தது. சாலை வழியாகச் சென்னை செல்வோர்க்குத் திண்டிவனமே வாயில். இடையில் பிரெஞ்சிந்திய எல்லையும் சுங்கச் சாவடிகளும் இருந்தன. ஆயினும் உறவு, வாணிகம், திருவிழா, தமிழ் ஆகிய நான்கும் அவ்வெல்லையை ஒருபோதும் மதித்ததில்லை. பாவேந்தரின் வாழ்வில் இந்நான்குமே அதற்குச் சான்று.

1891ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள் புதுவையில் வணிகர் கனகசபை முதலியார்க்கும் இலக்குமி அம்மாளுக்கும் மகனாகச் சுப்புரத்தினம் பிறந்தார். தந்தை பெயரின் முற்பகுதியைச் சேர்த்துக் கனகசுப்புரத்தினம் என்று வழங்கப்பெற்றார். கல்வே கல்லூரியில் தமிழ் பயின்று புலமைத் தேர்வில் முதல்வராகத் தேறினார். 1909இல், பதினெட்டு வயதில், காரைக்காலைச் சேர்ந்த நிரவியில் தமிழாசிரியர் பணியேற்றார். புதுவையில் வேணு நாயக்கர் இல்லத் திருமணத்தில், பாரதியார் வந்திருப்பதை அறியாமலேயே அவர் பாடலைப் பாடி அவர் கண்ணில் பட்ட நிகழ்ச்சி தமிழுலகம் முழுதும் அறிந்தது. ஈண்டு விரித்தல் வேண்டா.

அவ்வளவாகப் பேசப்படாத நிகழ்ச்சி ஒன்று உண்டு. 1919இல் அவர் திருபுவனையில் ஆசிரியராக இருந்தார். விழுப்புரத்திலிருந்து புதுவை செல்லும் சாலையில், பிரெஞ்சிந்திய எல்லைக்குள் அடங்கிய சிற்றூர் அது. அரசுக்கு எதிராகச் செயற்பட்டார் என்ற குற்றச்சாட்டின்மேல் பிரெஞ்சு அரசு அவரைச் சிறையிட்டது. ஒன்றேகால் ஆண்டு சிறையில் கழிந்தபின் தன் தவற்றை உணர்ந்த அரசு அவரை விடுவித்தது. பறிபோன வேலைக்காக அவர் வழக்காடினார், வென்றார், மீண்டும் பணியில் சேர்ந்தார். சிறை சென்ற புலவர் பலர். விடுதலைக்குப் பின் தம் ஆசிரியப் பணிக்காக வழக்காடி அதைத் திரும்பப் பெற்றவர் சிலரே. பாவேந்தரின் குணத்தில் இப்பிடிவாதத்தைக் கவனிக்க வேண்டும். அரசை எதிர்ப்பார், ஆனால் உரிமையாகக் கிடைக்கவேண்டிய திங்கட் சம்பளத்தை விட்டுக்கொடுக்கமாட்டார். குடும்பத்தை நடத்தப்போகும் ஒருவர்க்கு அந்தப் பிடிவாதம் பின்னர் உதவிற்று.

சிறையிலிருந்து வந்த கையோடு 1920இல் திருமணம். புவனகிரியைச் சார்ந்த பெருமாத்தூர்ப் பரதேசியாரின் மகள் பழநி அம்மையார் புதுவைக்கு மருமகளாக வந்தார். புவனகிரி அந்நாளில் விழுப்புரம், திண்டிவனம் போலவே தென்னார்க்காடு மாவட்டத்து ஊர். ஆங்கிலேயர் ஆண்ட பகுதியிலிருந்து பிரெஞ்சுக்காரர் ஆண்ட பகுதிக்குப் பெண் கொடுப்பது அவ்வட்டாரத்தில் புதிதன்று. ஆனால் அன்றுதான் சிறையிலிருந்து மீண்ட ஒருவர்க்கு, பாட்டு எழுதுவதையும் அரசை எதிர்ப்பதையும் ஒருசேரச் செய்யும் ஒருவர்க்குப் பெண் கொடுக்கப் பரதேசியார்க்குத் துணிவு வேண்டியிருந்திருக்கும். பெண்ணுக்கு அதைவிட மிகுதியாக.

அந்தத் துணிவுக்குச் சோதனையும் உடனே வந்தது. திருமணம் நடந்த அதே ஆண்டில் அரசுப் பள்ளி ஆசிரியர் கதர்த் துணிகளைத் தோளில் சுமந்து தெருத்தெருவாக விற்றார். புதுமணப்பெண் கண்ட முதற்காட்சிகளுள் இதுவும் ஒன்று. ஊரார் இதனை எப்படிப் பார்த்திருப்பர் என்பதை இன்று ஊகிப்பது கடினமன்று. வணிகர் குடும்பத்துப் பிள்ளை, தமிழாசிரியர், துணி சுமந்து தெருவில் கூவி விற்பதைப் பெருமையாகக் கருதிய காலமன்று அது. காந்தியம் நாடெங்கும் பரவிக்கொண்டிருந்த வேளையாதலால் பின்னர் அது பெருமையாயிற்று.

1921 செப்டம்பர்த் திங்களை மட்டும் சற்று நின்று பார்க்க வேண்டும். அத்திங்களில் சென்னைத் திருவல்லிக்கேணியில் பாரதியார் மறைந்தார். அதே திங்களில் புதுவையில் பாவேந்தர்க்குத் தலைமகள் பிறந்தாள். ஆசானை இழந்த துயரும் தந்தையான மகிழ்வும் சில நாள்களின் இடைவெளியில் ஒருவரையே வந்தடைந்தன. மறு ஆண்டிலிருந்து பாரதிதாசன் என்ற பெயரை அவர் தொடர்ந்து மேற்கொண்டார். தந்தை இட்ட பெயரை விட்டு ஆசான் பெயரோடு தம்மைப் பிணைத்துக்கொண்ட காலமும், தாமே தந்தையான காலமும் ஒன்றாக அமைந்தன. வரலாற்றாசிரியர்கள் இவ்விரண்டையும் வெவ்வேறு வரிகளில் எழுதிச் சென்றுவிட்டனர்.

இனி மயிலம். திண்டிவனத்தை அடுத்த அம்மலைமேல் உள்ள முருகன் கோயில் புதுவைக் குடும்பங்கள் பலவற்றுக்கு வழிவழியாக உரியது. பொம்மபுர ஆதீனத்தின் பேணுகையில் உள்ள அக்கோயிலுக்குப் பங்குனி உத்திரத்தில் எல்லை கடந்து மக்கள் திரள்வர். பாவேந்தரின் தொடக்ககால நூல்கள் இம்மலையைச் சுற்றியே பிறந்தன. 1920இல் மயிலம் ஸ்ரீ ஷண்முகம் வண்ணப்பாட்டு. 1925இல் சிவசண்முகக் கடவுள்மீது பஞ்சரத்நம். 1926இல் மயிலம் சுப்பிரமணியர் துதியமுது. திருமணம் நடந்த ஆண்டிலும், முதல் குழந்தை தவழ்ந்து நடந்து பேசத் தொடங்கிய ஆண்டுகளிலும் அவர் முருகனைப் பாடிக்கொண்டிருந்தார். பிற்காலப் பாரதிதாசனை மட்டும் அறிந்தோர் இந்நூல்களை ஒரு நாணத்தோடு கடந்துவிடுவர். கடக்க வேண்டியதில்லை. வண்ணம் என்னும் சந்த வடிவம் இம்மண்ணுக்குப் பழக்கமானது. விழுப்புரத்தை அடுத்த திருவாமாத்தூரில் 1898இல் அடங்கிய வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் அவ்வடிவத்துக்கு இலக்கணமே வகுத்தவர். நாவும் செவியும் ஒருங்கே பழகாமல் வண்ணம் பாட இயலாது. பாவேந்தரின் விருத்தங்களில் பின்னாளில் கேட்ட முழக்கம் எங்கே பயிலப்பட்டது என்று வினவும் பாவலர்கள் மயில மலையையும் ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

1928 வந்தது. பெரியாரின் தன்மான இயக்கம் அவரை முழுமையாக ஈர்த்துக்கொண்டது. மகன் கோபதி பிறந்ததும் அவ்வாண்டு நவம்பர் 3ஆம் நாளிலேயே. பிற்காலத்து மன்னர்மன்னன் இவரே. பாவேந்தர் தாம் மட்டும் இயக்கத்திற் சேரவில்லை, குடும்பத்தோடு சேர்ந்தார். சடங்கும் ஆடம்பரமும் வீட்டைவிட்டு நீங்கின. 1933 இறுதியில் சென்னையில் சிங்காரவேலர் தலைமையில் கூடிய நாத்திகர் மாநாட்டில், தாம் நிலையான நாத்திகர் என்று எழுதிக் கையொப்பமிட்டார். மயிலம் துதியமுதுக்கும் இக்கையொப்பத்துக்கும் இடையே ஏழே ஆண்டுகள்.

இம்மாற்றத்தை அவருடைய சிந்தனை வளர்ச்சியாகப் பேசுவது வழக்கம். அது சரியே. ஆனால் ஒரு மனிதர் நாத்திகராவதும் ஒரு வீடு நாத்திக வீடாவதும் ஒன்றல்ல. ஆடவர் கருத்தை மாற்றிக்கொள்வது ஒரு கையொப்பத்தில் முடியும். பெண்ணுக்கோ விளக்கேற்றும் மாலை, விரத நாள், பிள்ளைப்பேற்றுச் சடங்கு, உறவினர் வீட்டு நன்மை தீமை என நாள்தோறும், நொடிதோறும் அது செயலாக வேண்டும். சுற்றத்தாரின் கேள்விகளைக் கூடத்தில் இருந்தவரைவிட அடுக்களையில் இருந்தவரே மிகுதியாக எதிர்கொண்டிருப்பார். அக்காலத்துச் சீர்திருத்தத் தலைவர்கள் பலர் மேடையில் ஒன்றும் வீட்டில் ஒன்றுமாக வாழ்ந்தனர். வீட்டுப் பெண்கள் உடன்படவில்லை என்பது அவர்கள் சொன்ன காரணம். பாவேந்தர் வீட்டில் அக்காரணம் சொல்லப்படவில்லை. அந்தப் பெருமையில் பாதிக்குமேல் பழநி அம்மையார்க்கு உரியது.

கருத்தடையை ஆதரித்து முதன்முதலில் கவிதை எழுதியவர் பாவேந்தரே என்பர். அப்போது அவர் சிறு குழந்தைகளின் தந்தை. குழந்தைகள் மிகுவதால் தாய் நலிவதையும் பெற்றோர் கடன்படுவதையும் அவர் ஏட்டில் படித்து எழுதவில்லை. ஆசிரியர் சம்பளத்தில் குடும்பம் நடத்திய பட்டறிவு அதில் உண்டு. மூன்று பெண்களும் ஓர் ஆணுமாக நால்வர் அவர் மக்கள். 1938இல் வெளிவந்த முதல் தொகுதியில் ஆண்குழந்தைக்கு ஒரு தாலாட்டும் பெண்குழந்தைக்கு ஒரு தாலாட்டும் தனித்தனியே உள்ளன. தமிழில் தாலாட்டு பெரும்பாலும் ஆண்மகவுக்கே பாடப்பட்டது. மாமன் சீரும் குலப்பெருமையும் அதன் பொருள்கள். பெண்மகவைத் தொட்டிலிலிட்டு, மூடப்பழக்கத்தின் இருளை நீக்க வந்த ஒளியாக அவளைக் கருதிப் பாடியவர், தம் வீட்டில் மூன்று முறை பெண்மகவைக் கையில் ஏந்தியவர் என்பது நினைவில் இருக்க வேண்டும். கைம்பெண்ணின் துயரை அவர் பாடிய பாட்டுகளிலும் தந்தையின் அச்சம் ஒன்று கேட்கிறது. அறிவுரை கூறும் சீர்திருத்தக்காரரின் குரல் அதுவன்று.

பிரெஞ்சு அரசின் ஊழியர் என்ற நிலையிலேயே 1930 இறுதியில் புதுவை முரசு ஏட்டின் ஆசிரியரானார். பள்ளி, ஏடு, இயக்கம், நாடகம், பிறகு திரைப்படத் துறை என்று அவர் வெளியுலகம் விரிந்துகொண்டே சென்றது. வந்துபோகும் தோழர்கள் பலர். பாவேந்தர் நல்ல உணவை விரும்பியவர். தனியே உண்பதை விரும்பாதவர். புறாக்கள் வளர்ப்பதிலும் அவர்க்குப் பேரார்வம். அழகின் சிரிப்பில் புறாக்களைப் பற்றி அவர் பாடியுள்ளவை வீட்டு முற்றத்தில் கண்டவையே. ஒரு புறா தன் இணையைப் பிரியாததையும், தாயும் தந்தையும் மாறிமாறிக் குஞ்சுக்கு இரையூட்டுவதையும் அவர் கவனித்த கூர்மையைக் கற்றறிந்தோர் போற்றுவர். புலவர்க்குப் புறா, விருந்தினர்க்குச் சோறு. இரண்டுக்கும் இரை தேடி வைத்தவர் யார் என்று கேட்டால் விடை ஒன்றுதான்.

இங்கே குடும்ப விளக்குக்கு வரவேண்டும். அதன் முதற்பகுதி 1942இல் வெளிவந்தது. பாவேந்தர்க்கு வயது ஐம்பத்தொன்று. தங்கம் என்னும் இல்லத்தலைவியின் ஒரு நாள் வாழ்க்கையே அதன் பொருள். கதிரவன் எழுமுன் எழுகிறாள், வாயிலில் கோலமிடுகிறாள், யாழெடுத்துப் பாடுகிறாள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறாள், மாமன் மாமியரைப் பேணுகிறாள், தைக்கிறாள், உடைந்த மரப்பொருளைச் செப்பனிடுகிறாள், கணவனின் கடைக்குச் சென்று வாணிகத்தையும் கணக்கையும் பார்க்கிறாள். இரவில், இவ்வளவுக்கும் பிறகு, தமிழுக்கும் நாட்டுக்கும் நாம் என்ன செய்தோம் என்று கணவனோடு கலந்து பேசுகிறாள்.

இப்பகுதியைப் பாராட்டாத தமிழாசிரியர் இலர். தமிழ்க் காப்பியங்களில் பத்தினிகள் உண்டு, அரசியர் உண்டு, கணக்குப் பார்க்கும் பெண், கடை நடத்தும் பெண் தலைவியாக வந்தது இங்கேதான். எனினும் படிக்கின்ற பெண்ணுக்கு இயல்பாக ஒரு கேள்வி எழும். தங்கம் எப்போது உறங்குவாள்? மணவழகன் நல்லவன்; மனைவியை மதிப்பவன்; ஆனால் அந்த ஒரு நாளில் அவன் கை வீட்டு வேலையில் எங்கே பட்டது? பழைய கடமைகள் ஒன்றும் குறையாமல் அவற்றின்மேல் புதிய கடமைகளையும் ஏற்றிவைப்பதைப் பெண்விடுதலை என்று சொல்லிவிட முடியுமா? கல்வியும் வேலையும் பெற்ற பெண்கள் பலரும் பின்னாளில் தங்கத்தின் நாளைத்தான் வாழ்ந்தனர். அவர்கள் பாராட்டப்பட்டனர், சுமை மட்டும் குறையவில்லை.

பாவேந்தர்க்கு இக்கேள்வி எட்டாமல் இல்லை என்பதற்கு நூலே சான்று. 1944இல் வெளிவந்த இரண்டாம் பகுதி விருந்தோம்பலைப் பற்றியது. விருந்துக்குப் புகழ்பெற்ற ஒரு வீட்டின் தலைவர் எழுதிய பகுதி என்பதால் கூடுதல் கவனத்தோடு படிக்கத் தக்கது. அங்கே தங்கம் பெண்கல்வியைப் பற்றிப் பேசுகிறாள். பேச்சு அடுப்பங்கரைக்கு வருகிறது. சமையல் பெண்ணுக்கே விதிக்கப்பட்ட, தவிர்க்க இயலாத கடமை என்ற எண்ணம் மாறவேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்கிறாள். ஆடவரும் அதிற் பங்குகொள்ள வேண்டும் என்பது அவள் கருத்து. முதற்பகுதிக்கும் இரண்டாம் பகுதிக்கும் இடையே இரண்டு ஆண்டுகள். அந்த இரண்டு ஆண்டுகளில் புதுவை வீட்டின் அடுக்களையிலிருந்து யாரேனும் முதற்பகுதிக்கு மறுப்புரை கூறினாரோ என்று எண்ணத் தோன்றும். அதற்கு ஆவணம் தேடுவது வீண். ஆனால் ஒரு கவிஞர் தம் கருத்தைத் தம் பாத்திரத்தின் வாயாலேயே திருத்திக்கொள்வது எளிதில் நிகழ்வதன்று. அதே 1944இல் இருண்ட வீடும் வெளிவந்தது. கல்வியற்ற குடும்பத்தின் சீர்கேட்டை நகைச்சுவையோடு தொடங்கித் துயரில் முடிக்கும் அந்நூல் பள்ளிகளில் விரும்பிப் படிக்கப்பட்டது. தங்கத்தின் வீட்டுக்கு அது நேர் எதிர்வீடு.

அந்த ஆண்டிலேயே தலைமகளின் திருமணம் பெரியார் முன்னிலையில் நடைபெற்றது. தம் பாட்டில் வற்புறுத்திய தன்மான மணத்தைத் தம் வீட்டிலேயே நடத்திக் காட்டினார். நான்கு ஆண்டு கழித்து 1948இல் வந்த மூன்றாம் பகுதியின் பெயர் திருமணம். 1950இல் வந்த நான்காம் பகுதியின் பெயர் மக்கட்பேறு. அதே ஆண்டில் ஐந்தாம் பகுதி, முதியோர் காதல். கணவர், தந்தை, மகளை மணம் செய்துகொடுத்தவர், பேரக்குழந்தைகளைக் காணும் பருவத்தினர் எனப் பாவேந்தரின் அகவை ஏற ஏற நூலும் உடன் ஏறிற்று. திட்டமிட்டு ஒரே மூச்சில் எழுதப்பட்ட காப்பியம் அன்று இது. எட்டு ஆண்டுகளாக வாழ்க்கையோடு பின்னிப் பின்னி வளர்ந்த நூல். இதன் குறைகளும் சிறப்புகளும் அதனாலேயே வந்தவை.

ஐந்து பகுதிகளுள் முதற்பகுதியே பாடநூல்களில் மிகுதியாக இடம்பெற்றது. தரத்தில் அதனைவிட ஐந்தாம் பகுதியே உயர்ந்தது. தமிழ் அகப்பாட்டு மரபு களவையும் கற்பையும் நுணுகிப் பாடியது. இளமை கழிந்த தலைவனையும் தலைவியையும் அது பெரும்பாலும் கவனிக்கவில்லை. முதுமை பாடப்பட்டபோதும் நிலையாமைக்குச் சான்றாகவே பாடப்பட்டது. நரையும் திரையும் துறவுக்கு வழிகாட்டும் அடையாளங்களாக நின்றன. பாவேந்தர் அதே நரையையும் திரையையும் அகத்துக்குள் கொண்டுவந்தார். உடல் தளர்ந்து அழகு நீங்கிய மூதாட்டியிடம் முதியவர்க்கு இனி என்ன இன்பம் என்ற கேள்வி எழ, அவர் உயிரோடு இருக்கிறார், அதுவே தமக்கு இன்பம் என்ற பொருளில் முதியவர் விடை கூறுகிறார். ஐம்பத்தொன்பது வயதில், முப்பது ஆண்டு மணவாழ்வுக்குப் பிறகே இத்தகைய விடை ஒருவர்க்குத் தோன்றும். இளமையில் எத்துணைச் சந்தம் பயின்றாலும் இது வாராது.

இதற்கிடையே 1945இல் பெருமாள் கோயில் தெருவில் 95ஆம் எண் வீட்டை வாங்கியிருந்தார். 1946 ஜூலைத் திங்களில் சென்னையில் அறிஞர் அண்ணாவின் முயற்சியால் பெருவிழா எடுக்கப்பட்டு, இருபத்தையாயிரம் ரூபாய் கொண்ட பொற்கிழி அவர்க்கு வழங்கப்பட்டது. அக்காலத்தில் தமிழ்ப் புலவர் எவரும் கனவிலும் காணாத தொகை. அதே ஆண்டு நவம்பர் 8ஆம் நாள், முப்பத்தேழு ஆண்டு ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். வீடும் தொகையும் ஓய்வூதியமும் அமைந்த ஐம்பத்தைந்து வயதினர் இனி அமைதியாக வாழ்வார் என்று குடும்பம் எதிர்பார்த்திருந்தால் அதிற் பிழை இல்லை.

பாவேந்தர் அமைதியாக வாழ்பவர் அல்லர். குயில் ஏட்டைத் தொடங்கினார். 1948இல் சென்னை அரசு குயிலுக்குத் தடை விதித்தது. அவ்வரசின் தலைமையமைச்சர் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரைச் சேர்ந்த இராமசாமி ரெட்டியார். 1949இல் பாரதியின் நூல்களை நாட்டுடைமையாக்க முடிவெடுத்த அரசும் அவருடையதே. ஆசானின் பாடல்களுக்கு விடுதலை தந்த அரசு மாணவரின் ஏட்டைத் தடுத்தது. வரலாறு இத்தகைய விளையாட்டுகளில் சலிப்பதில்லை போலும். ஏட்டால் வந்த பொருளிழப்பு மட்டும் குடும்பத்தின் மேல் விழுந்தது.

1954 நவம்பரில் புதுவை பிரெஞ்சு ஆட்சியிலிருந்து நீங்கியது. 1955இல் பாவேந்தர் புதுவைச் சட்டமன்ற உறுப்பினரானார். அரசியல் அவர்க்குப் பொருந்திய துறையன்று என்பது பொதுவான கருத்து. அதை மறுப்பதற்கு வலுவான காரணம் இல்லை. இப்பருவத்தின் நல்ல விளைச்சல் 1958இல் வெளிவந்த இளைஞர் இலக்கியம். பெயர் இளைஞர் என்று இருந்தாலும் பாட்டுகள் சிறுவர்க்கானவை. எளிய சொல், துள்ளும் ஓசை, விலங்கு, பறவை, விளையாட்டு. முப்பத்தேழு ஆண்டு வகுப்பறையில் நின்றவர்க்குக் குழந்தையின் செவி எங்கே இருக்கிறது என்பது தெரியும். அதற்கும் மேலாக, அறுபத்தேழு வயதில் மடியில் பேரக்குழந்தைகள் ஏறிய வீட்டிலிருந்து அந்நூல் வந்தது. முழக்கத்தையும் சினத்தையும் மட்டுமே பாவேந்தரிடம் எதிர்பார்ப்போர் அந்நூலை எடுத்துப் படித்தால் வேறொரு மனிதரைச் சந்திப்பர்.

1961இல் சென்னைக்குக் குடிபெயர்ந்தார். பாண்டியன் பரிசு காப்பியத்தைத் தாமே திரைப்படமாக எடுக்க வேண்டும் என்ற வேட்கை. எழுபது வயதில் ஒருவர் தம் சேமிப்பையும் உடல்நலத்தையும் பணயம் வைக்கத் தக்க தொழிலா அது? திரைத் துறைக்கு அவர் புதியவர் அல்லர்; பாலாமணி அல்லது பக்காத் திருடன் படத்துக்கு 1937இலேயே எழுதியவர். ஆனால் எழுதுவது வேறு. முதல் போட்டுப் படம் எடுப்பது வேறு. படம் நிறைவேறவில்லை. நல்ல கணவர், நல்ல தந்தை என்று அவரைப் போற்றும்போது இதனையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். சிறைக்குப் பின் வழக்காடித் திங்கட் சம்பளத்தை மீட்ட அந்த இளைஞரின் எச்சரிக்கை முதுமையில் அவரை விட்டு நீங்கியிருந்தது. பாட்டைத் திரையில் காணும் ஆசை குடும்பத்தின் நலனை வென்றது. ஒன்று சொல்லலாம்: இளமையிலும் முதுமையிலும் அவர் தம் செயலுக்குப் பிறர்மேல் பழி போட்டு ஒதுங்கியவர் அல்லர், வந்த இழப்பைத் தாமே தோளில் சுமந்தார், முன்பு கதரைச் சுமந்ததுபோல். ஆனால் கதர் மூட்டையை ஒருவர் தனியே சுமக்கலாம். கடன் மூட்டை அப்படியன்று.

1964 ஏப்ரல் 21ஆம் நாள் சென்னைப் பொது மருத்துவமனையில் பாவேந்தர் உயிர்நீத்தார். எழுபத்து மூன்றாம் பிறந்தநாளுக்கு எட்டு நாள்கள் இருந்தன. உடல் புதுவைக்குக் கொண்டுவரப்பட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலை அமையாத காலம் அது. புதுவைக்குச் செல்லும் பெருவழி திண்டிவனம் வழியாகவே சென்றது. அங்கிருந்து தெற்கே திரும்பினால் சற்றுத் தொலைவில் மயில மலை. இருபத்தொன்பது வயதில் வண்ணம் பாடிய மலைக்குப் பக்கத்தில் எல்லையும் இல்லை, சுங்கச் சாவடியும் இல்லை. மறுநாள் புதுவை மண் அவரை ஏற்றுக்கொண்டது.

முதியோர் காதலைப் பாடியவர் முந்திக்கொண்டார். பழநி அம்மையார் அவருக்குப் பின்னும் பல ஆண்டுகள் வாழ்ந்தார். பிசிராந்தையார் நாடகத்துக்கு 1969ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமிப் பரிசு அறிவிக்கப்பட்டபோது பெற்றுக்கொள்ள ஆசிரியர் இல்லை. காணாத நண்பனுக்காக உயிர்விடத் துணிந்த நட்பைப் பற்றிய நாடகம் அது. மகன் மன்னர்மன்னன் புதுவை வானொலியில் பணியாற்றினார். விடுதலைப் போராட்டத்திலும் தமிழ்ப்பணியிலும் பெயர் பெற்றார். கறுப்புக் குயிலின் நெருப்புக் குரல் என்ற தலைப்பில் தந்தையின் வரலாற்றை எழுதினார். தொண்ணூறு கடந்து 2020இல் மறைந்தார். மகன் எழுதிய தந்தை வரலாறுகள் தமிழில் பல இல்லை. தந்தையை வியந்து எழுதிய நூல்தான் அது. ஆயினும் வீட்டுக்குள்ளிருந்து பார்த்த கண்ணுக்கு மட்டுமே புலப்படும் செய்திகள் அதில் நிறைய உண்டு; ஆய்வாளர்கள் இன்னும் முழுமையாகப் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

பெருமாள் கோயில் தெரு வீட்டைப் புதுவை அரசு 1971இல் ஏற்றுப் பாவேந்தர் நினைவு நூலகமும் காட்சிக்கூடமும் ஆக்கியது. விழுப்புரத்திலிருந்தும் திண்டிவனத்திலிருந்தும் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் அவர் கையெழுத்தையும் நூல்களின் முதற்பதிப்புகளையும் காட்டுவர். பின்கட்டுக்கும் ஒருமுறை அழைத்துச் செல்லலாம். விருந்துக்குச் சோறு அங்கேதான் வெந்தது.